நடுப்பாதைக்கு அந்தப் பக்கம்

"பெர்சிஸ் கையப் பிடிச்சா, ஐஸ் பெட்டியில கிடந்த மீனப் பிடிச்ச மாதிரில்லா இருக்கு."

இதைச் சொன்னது ரெபேக்காள் சித்தி. எங்கள் கோயிலின் பின்பக்கக் குழாயடியில் நின்று இன்னொரு அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா, "அவ அம்மைக்கு எப்படிக் கையி, பஞ்சு மாதிரி" என்றார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பெர்சிஸ் நான்தான்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, அக்கா. நீங்கள், "ஏம்மா, பஸ்ஸுல ஏறினதுல இருந்து கையவே பாத்துட்டு வார, அடிகிடி பட்டுட்டா?" என்று கேட்டீர்கள். அடியெல்லாம் இல்லை. கேட்டதால் சொல்கிறேன். நான் பொதுவாகப் பேசுகிற ஆள் இல்லை. கல்லூரி நூலகத்தில் வேலை. அங்கே பேசாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். பாளையங்கோட்டை போக இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது இல்லையா? அதற்குள் முடிந்துவிடும். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கோயில் என்றால் சர்ச். எங்கள் பக்கம் கோயில் என்றுதான் சொல்வோம். ரெபேக்காள் சித்தி சொந்தச் சித்தி இல்லை, கோயிலில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர். அவர் என் கையைப் பற்றிச் சொன்னது, சமாதானம் கொடுக்கும்போது பிடித்ததை வைத்து. உங்களுக்கு அது தெரிந்திருக்காது. திருவிருந்து நடக்கிற ஞாயிறுகளில், அப்பமும் திராட்சரசமும் எடுப்பதற்கு முன்னால், ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்க வேண்டும். வாயால் இல்லை, கையால். கொடுப்பவர் தன் வலது உள்ளங்கையை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் வைப்பார். பிறகு இரண்டு பேரும் இடது கையால் மூடிக்கொள்வார்கள். இப்படி. கையைக் கொடுங்கள், காட்டுகிறேன். வேண்டாம், பரவாயில்லை, உங்கள் பூக்கூடை சரிந்துவிடும்.

குலுக்கக் கூடாது. இறுக்கவும் கூடாது. வாங்கியவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஐயர் பீடத்திலிருந்து இறங்கி வந்து முதல் ஆளுக்குக் கொடுப்பார். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், சிரிக்காதீர்கள். அங்கிருந்து கைமாறிக் கைமாறி, ஓரத்து ஆட்கள் வழியாகக் கடைசி வரிசை வரையும், ஒவ்வொரு வரிசையிலும் உள்ளே சுவர் வரையும் போகும். யாரும் தானாக ஆரம்பிக்க முடியாது. ஒருவரிடம் வாங்கினால்தான் இன்னொருவருக்குக் கொடுக்க முடியும்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். நடுவில் பாதை. ஐயர் கொடுக்கும் முதல் ஆள் எப்போதும் ஆண்கள் பக்கத்து ஆள்தான். ஏன் என்று கேட்காதீர்கள், யாரும் கேட்டதில்லை. அப்படியென்றால் சமாதானம் எங்காவது ஓர் இடத்தில் நடுப்பாதையைத் தாண்டிப் பெண்கள் பக்கம் வர வேண்டும் இல்லையா? அங்கேதான் சிக்கல். எந்த ஆண் எந்தப் பெண்ணின் கையைப் பிடிப்பது? புருஷன் பெண்டாட்டி என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் எங்கள் ஊர்ப் புருஷன்மார்கள் நாலு பேர் முன்னால் பெண்டாட்டி கையைப் பிடிக்க வெட்கப்படுவார்கள். சண்டை போட வெட்கப்பட மாட்டார்கள்.

அப்பா வெட்கப்படவில்லை. அப்பா உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். பெயர் சுவிசேஷமுத்து. ஊரில் டிரில் சார் என்றால்தான் தெரியும். முப்பத்திரண்டு வருடம் பிள்ளைகளை நிற்கவும் திரும்பவும் நடக்கவும் வைத்தவர். சபைக்குச் செயலாளரும் அவர்தான். முழங்கால் போட வேண்டிய ஜெபத்தில் யாராவது உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்தால், கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்ப்பார். அந்த ஆள் முழங்காலுக்கு வந்துவிடுவார். "மனசுல என்ன நினைக்கியோ அது கர்த்தர் பாடு. உடம்பு ஒழுங்கா நிக்கா இல்லையாங்கிறது என் பாடு" என்பார். எப்போது எழும்புவது, எப்போது மண்டியிடுவது, எப்போது கை நீட்டுவது, இதில் பிழை வரக் கூடாது. அவருக்கு ஆராதனை என்றால் அதுதான்.

மூன்றாவது வரிசையில், ஆண்கள் பக்கம் பாதை ஓரத்தில் அப்பா. நேர் எதிரே பெண்கள் பக்கத்து ஓரத்தில் அம்மா. சமாதானம் அப்பாவிடம் வந்ததும் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி எடுத்து வைப்பார். அம்மாவும் ஓர் அடி. அம்மா தையல் தைக்கிறவள். விரலில் எண்ணெய்ப் பசை இருக்கும் என்று முன்னாலேயே கைக்குட்டையில் துடைத்துத் தயாராக வைத்திருப்பாள். அப்பா கொடுப்பார். மூன்று எண்ணுகிற நேரம். பிறகு அவரவர் இடம்.

பின்வரிசையிலிருந்து, "டிரில் சாருக்கும் எப்சிக்கும் திருப்பியும் கலியாணம் ஆகுதுட்டீ" என்று யாராவது முணுமுணுப்பார்கள். எப்சிபாய் என்பது அம்மா பெயர். அம்மா திரும்பாமலே, "பொறாமையா இருந்தா உங்க வீட்டுக்காரரக் கொண்டாந்து ஓரத்துல உக்கார வைங்க" என்பாள்.

வீட்டில் அப்பா அம்மாவைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நான் பெரியவளான பிறகு என்னையும் தொட்டதில்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தானே? குறையாகச் சொல்லவில்லை.

பிறகு கொரோனா வந்தது. கோயிலைப் பல மாதம் மூடிவிட்டுத் திறந்தபோது, இனிக் கை வேண்டாம், எட்ட நின்று கும்பிட்டால் போதும் என்று உத்தரவு வந்தது. அப்பா அதையும் ஒழுங்காக நடத்தினார். கும்பிடும்போது முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும் என்றுகூட ஒரு நாள் அறிவிப்பில் சொன்னார்.

அடுத்த வருடம் ஈஸ்டர். கோயில் நிறைய ஆள். ஐயர் கும்பிட்டார், முதல் ஆள் கும்பிட்டார், அப்படியே அப்பா வரைக்கும் வந்தது. அப்பா ஓர் அடி வைத்து அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை. கையை நீட்டினாள். மறந்து நீட்டினாளா, வேண்டுமென்றே நீட்டினாளா, எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க் போட்டிருந்தாலும் கண் தெரியும் இல்லையா? அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையைக் கொடுத்தார். அவர் ஓர் உத்தரவை மீறி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை அம்மாவுக்கு. அப்பா எழும்பிவிட்டார். அம்மா எழும்பவில்லை. ஈஸ்டர் கழிந்து பதினாறாம் நாள்.

ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அதனால் அதில் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன் நாலு நாள் அம்மா அறையில் தனியாக இருந்தாள். நான் வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் கஞ்சியும் வெந்நீரும் வைப்பேன். வைத்துவிட்டு ஆறடி தள்ளி நிற்க வேண்டும். நின்றேன். கடைசி நாள், ஆம்புலன்ஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அம்மா கட்டிலில் இருந்தபடி கையை நீட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்து, ஸ்டூலைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினேன். சொன்னபடிதான் செய்தேன், அக்கா. டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. அடக்கம் முடிந்து வந்து நான்தான் எடுத்துக் கொட்டினேன்.

அடக்கத்துக்கு யாரும் கிட்டே போகக் கூடாது. முழுக்க மூடிய உடையில் நாலு பேர் வந்து இறக்கினார்கள். அப்பா கல்லறைத் தோட்டத்து வாசலில் நிமிர்ந்து நின்றார், பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் நிற்பதைப்போல. அழவில்லை. நானும் அழவில்லை. அவருக்கு வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு இருந்ததா என்றால் அதுவும் தெரியாது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் மேசை வழியாகத்தான் நடக்கும். நான் அப்பாவுக்குக் காபி போட்டு மேசையில் வைப்பேன். அவர் வந்து எடுத்துக்கொள்வார். அவர் செய்தித்தாள் படித்துவிட்டு மேசையில் வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். நான் பாளையங்கோட்டையில் தங்கியிருக்கிற விடுதிக்குக் கிளம்பும்போது பையை மேசையில் தூக்கி வைப்பார். எங்களுக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அப்பா மட்டும் கை கழுவிக்கொண்டே இருப்பார். முழங்கை வரை சோப்புப் போட்டு, நகத்துக்கு அடியில் தேய்த்து. காலையில், சாப்பாட்டுக்கு முன், பின், கோயிலுக்குப் போகும் முன், வந்த பின். வாரம் ஒரு சோப்பு தீர்கிறது. முன்னாலிருந்தே சுத்தம் பார்க்கிற ஆள்.

நாலு வருடம் இப்படிப் போனது. கும்பிடுதலே எங்கள் கோயிலில் வழக்கமாகிவிட்டது. போன வருடம் புது ஐயர் வந்தார். சின்ன வயது. அவர் கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். கமிட்டி கூடியது. தீர்மானங்களை நான்தான் அப்பாவுக்கு டைப் செய்து கொடுப்பது வழக்கம், அதனால் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

"கலியாண வீட்டுல ஒரே பெஞ்சுல இடிச்சிட்டு உக்காந்து சாப்பிடுதோம். கோயில்ல மட்டும் என்ன சார் பயம்?" என்றார் ஐயர்.

அப்பா சொன்னார், "கும்பிடுறதுல என்ன குறை ஐயரவாள்? நம்ம நாட்டு முறைதான அது?"

"குறை ஒண்ணுமில்ல சார். ஆனா கும்பிட்டா எட்ட நின்னே முடிச்சிரலாம். சமாதானத்த எட்ட நின்னு குடுக்க முடியுமா?"

"முடியும்" என்றார் அப்பா.

தாசன் அண்ணன் அங்கே இருந்தார். பலசரக்குக் கடை வைத்திருப்பவர், யோசிக்காமல் பேசுகிறவர். "சார், இத்தன வருசமா பொம்பளைய பக்கம் கொண்டுபோய்க் குடுத்ததே நீங்கதான். நீங்களே வேண்டாம்னா எப்படி?" என்றார். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அப்பா பேனாவை மூடினார். திறந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டதுன்னு போடு" என்றார். மற்றவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். அவர் தூக்கவில்லை. ஏகமனதாக என்று போடலாமா என்று கேட்டேன். "போடு" என்றார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு அப்பா இடம் மாறிவிட்டார். அதே மூன்றாவது வரிசைதான், ஆனால் பாதை ஓரத்தை விட்டுச் சுவர் ஓரத்துக்குப் போய்விட்டார். பாதை ஓரத்தில் தாசன் அண்ணன் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் அம்மாவின் இடத்தில் நான். சமாதானம் தாசன் அண்ணனிடம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். கலியாணம் ஆகாத பெண்ணின் கை. ஆறாவது வரிசையிலிருந்து அவர் மனைவி அவரைப் பார்த்தார். அண்ணன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று பெண்கள் பக்கம் சமாதானம் வரவே இல்லை. "நமக்கு என்னைக்கு இருந்துச்சு" என்றார் ரெபேக்காள் சித்தி.

அதற்குப் பிறகு ஐயரம்மா, ஐயருடைய மனைவி, அவரிடம் வாங்கிவந்து பெண்கள் பக்கத்தைத் தனியாக ஆரம்பித்து வைத்தார். சுவர் ஓரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு வரிசையாக வரும், பாதை ஓரத்து ஆளோடு முடியும். எங்கள் வரிசையில் கடைசி ஆள் நான். சித்தி எனக்குக் கொடுப்பார். நான் வாங்கிக்கொண்டு நிற்பேன். கொடுக்க ஆள் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தால் தாசன் அண்ணன், அவரைத் தாண்டி நாலு பேர், பிறகு சுவர் ஓரத்தில் அப்பா. அவர் வரிசையில் அவரும் கடைசி ஆள். அவரிடமும் வந்து நின்றுவிடும்.

சித்தி மீன் என்று சொன்னது அந்த நாட்களில்தான். உண்மையாகத்தான் இருக்கும். என் கையை நானே பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன்.

"அப்பா, நீங்க பழைய இடத்துலயே உக்காரலாம்லா?"

"அங்க ஃபேன் காத்து நேரா அடிக்கி."

"ஃபேன நிப்பாட்டச் சொல்லலாம்."

"மத்தவங்களுக்கு வேர்க்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அப்பா எனக்குச் சமாதானம் கொடுக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான், அக்கா. ஆசை என்று சொல்ல மாட்டேன். ஓரத்து ஆளிடமிருந்து ஓரத்து ஆளுக்கு வர வேண்டும் என்பது எங்கள் கோயில் முறை. அந்த முறை நின்றுபோய் இருக்கிறது. அதற்காகத்தான் மாதம் இரண்டு ஞாயிறு விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன். விடுதித் தோழி, "உனக்கு அவ்வளவு பக்தியா?" என்று கேட்டாள். இல்லை என்றுதான் சொன்னேன். ஜெபத்தில் நான் ஒன்றும் கேட்பதில்லை. எழும்பச் சொன்னால் எழும்புவேன், மண்டி போடச் சொன்னால் போடுவேன். அப்பா பாட்டை அவர் பார்த்துக்கொள்கிறார், கர்த்தர் பாடு எனக்குத் தெரியாது.

இன்று காலை திருவிருந்து. ஐயரம்மா பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஐயர், "பழையபடி ஆண்கள் பக்கத்துல இருந்தே வரட்டும்" என்றார். முதல் ஆளுக்குக் கொடுத்தார். இரண்டாவது வரிசைக்கு வந்தது. மூன்றாவதற்கு வந்தது. தாசன் அண்ணன் வாங்கி உள்பக்கம் கொடுத்தார், பிறகு என்னைப் பார்த்து ஒரு கும்பிடு. இந்தத் தடவை யோசிக்கக்கூட இல்லை. உள்ளே போனது நாலு பேரைத் தாண்டி அப்பாவிடம் போய் நின்றது.

பெண்கள் பக்கம் நாங்கள் கையைப் பாதி தூக்கியபடி நின்றுகொண்டிருந்தோம்.

சித்தி என் இடுப்பில் இடித்தார். "சும்மா நிக்க. போயி வாங்கிட்டு வாயேன்ட்டி."

பின்னாலிருந்து ஒருவர், "இதென்ன ரேஷன் கடையா, போய் வாங்கிட்டு வாரதுக்கு?" என்றார்.

நான் எங்கேயும் முன்னால் போய் நிற்கிற ஆள் இல்லை, அக்கா. கல்லூரி ஆண்டு விழாவில் பரிசு வாங்கக்கூட மேடை ஏறாதவள். ஆனால் காலை எடுத்து வைத்துவிட்டேன். வைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பாதையைத் தாண்டினேன். எட்டு வயதுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போனதில்லை. தாசன் அண்ணன் பதறி ஒதுங்கினார், அவர் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்தது. அந்த நாலு பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு முன்பெஞ்சோடு ஒட்டி நின்றார்கள். பெஞ்சுக்கும் அவர்களுக்கும் இடையில் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, சுவர் ஓரத்துக்குப் போனேன்.

அப்பா கால்களை அகட்டி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டி நின்றார். மைதானத்தில் பிள்ளைகளை அப்படித்தான் நிற்க வைப்பார். என்னைப் பார்க்கவில்லை. பீடத்தைப் பார்த்தபடி, "இடத்துக்குப் போ" என்றார்.

கையை நீட்டினேன்.

"முறை அது இல்ல" என்றார். உதடு அசையவே இல்லை. "உனக்கு யாரும் குடுக்கலையே."

"ஆமாப்பா."

"அப்ப எதக் குடுக்க வந்த?"

கையை நீட்டியபடியே நின்றேன். எடுக்கத் தெரியவில்லை. ஐயர் தட்டைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தார். கோயில் முழுக்க எங்களைத்தான் பார்த்தது. அப்பா அப்போதுதான் குனிந்து என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாங்குறவங்க உள்ளங்கை மேல பாக்கணும்" என்றார். "குடுக்கிறவங்கதான் மேல இருந்து வைக்கணும். எத்தன வருசமா பாத்திருக்க."

கையைத் திருப்பினேன்.

அப்பா பின்னால் கட்டியிருந்த கையைப் பிரித்தார். வலது கையைப் பேண்ட்டில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். என் உள்ளங்கையில் வைத்தார். இடது கையால் மூடினார். நானும் மூடினேன். மூன்று எண்ணினேன்.

காணிக்கைப் பாட்டு ஆரம்பித்தது. ஆண்கள் பக்கம் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கம் இன்னும் நின்றுகொண்டே இருந்தது. வாங்கியதைக் கொண்டுபோய் அங்கே கொடுக்க வேண்டியது நான்தான். அதற்காகக் கையை இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன்.

அப்பா கையை விடாமலே உட்கார்ந்து, சுவரோடு ஒட்டி நகர்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டார்.